ஸ்கோர் ஏறி எறங்குதா? வாயை விடுங்க, மொதல்ல மைக்கைப் பாருங்க: கமாண்ட் லைன்ல குரல் ரெக்கார்டிங், அடியிலேர்ந்து

தண்டையார்பேட்டையில எங்க அக்கா வீடு. அக்கா பொண்ணு நர்ஸிங் முடிச்சுட்டு ஜெர்மனி போறதுக்காக ஜெர்மன் படிக்கிறா, பி1ங்கற நடுத்தர லெவல் பரீட்சை எழுதணும், க்ளாஸ்ல கத்துக்குறத ராத்திரி வீட்ல ஒரு உச்சரிப்பு சாஃப்ட்வேர்ல போட்டு பழகுறா. சாஃப்ட்வேர் ஒரு வார்த்தைய சொல்லும், இவ திருப்பி சொல்லணும், எவ்ளோ கிட்ட வந்துச்சுன்னு நூத்துக்கு மார்க் போடும். ஒருநாள் போன் பண்ணி, "மாமா, நேத்து இதே வார்த்தைக்கு 86 குடுத்துச்சு, இன்னைக்கு 41தான் வருது, பத்து வாட்டி சொல்லிட்டேன், எனக்கு நாக்கே திரும்பல போல மாமா"ன்னா. குரல் ஒரு மாதிரி அடைச்சுக்கிச்சு.

மறுநாள் நேர்ல போய் பாத்தேன். மேல ஃபேன் ஃபுல் ஸ்பீட்ல ஓடுது, காதுல ப்ளூடூத் மாட்டிருக்கா, முந்தின நாள் தம்பியோட வயர் ஹெட்செட்டுல பேசிருக்கா. அவ்ளோதான் மேட்டர். நாக்கு நேத்தும் இன்னைக்கும் ஒரே நாக்குதான், சாஃப்ட்வேரோட காதுதான் மாறிப்போச்சு. அது கேட்டது வேற சத்தம், மார்க்கு மட்டும் இவ தலையில விழுந்துச்சு.

இது எனக்கு சாதாரண விஷயமா தெரியல. நம்ம ஏரியா புள்ளைங்கள "உன் பேச்சே சரியில்ல, உனக்கு வராது"ன்னு சொல்றதுக்கு ஏற்கனவே ஊர்ல ஆளுங்க இருக்காங்க. வாழைப்பழத்த வாயப்பயம்னு சொல்றது எங்க தாத்தா காலத்துலேர்ந்து வர்ற பேச்சு, அதுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு, அதுல குறை ஒண்ணும் இல்ல. புது பாஷை கத்துக்குறப்ப புது சத்தம் பழகணும், அது வேற வேலை. அந்த வேலையில மைக் சரியில்லாம போனதுக்காக ஒரு பொண்ணு தன் வாயை சந்தேகப்படக் கூடாது. அதுக்காகத்தான் இத உக்காந்து எழுதுறேன். கம்ப்யூட்டர்ல கறுப்பு விண்டோவ தொறந்தே பாக்காதவங்களுக்கும் புரியற மாதிரி சொல்லப் பாக்குறேன்.

கமாண்ட் லைன் ரெக்கார்டிங்னா என்னன்னு மொதல்ல. போன்ல இருக்குற ரெக்கார்டர் ஆப்ல செவப்பு பட்டன அமுக்குறோம், அது பின்னாடி என்னென்னமோ பண்ணும், சத்தத்த தானா ஏத்தும் எறக்கும், இரைச்சல்னு நெனைக்கிறத வெட்டும், ஃபைல அமுக்கி சின்னதாக்கும், நமக்கு எதையும் சொல்லாது. டெர்மினல்ல, அதாவது நான் சொன்ன அந்த கறுப்பு விண்டோவுல, அப்படி இல்ல. எந்த மைக், வினாடிக்கு எத்தன தடவ அளக்கணும், எவ்ளோ நுணுக்கமா அளக்கணும், எத்தன வினாடி, எந்த பேர்ல சேவ் பண்ணணும், எல்லாத்தையும் ஒரே வரியில நாமளே எழுதிக் குடுக்குறோம். அந்த வரிய நாளைக்கும் அப்படியே போடலாம், அடுத்த மாசமும் போடலாம், அது அதே மாதிரி வேலை செய்யும். உச்சரிப்பு பழகுறவங்களுக்கு இதுதான் பெரிய விஷயம், ஏன்னா நேத்தைய குரலையும் இன்னைக்கு குரலையும் பக்கத்துல வச்சு பாக்கணும்னா ரெண்டும் ஒரே தராசுல நிறுத்திருக்கணும்.

இப்ப குரல் எப்படி ஃபைலா மாறுதுன்னு பாப்போம், இங்க கொஞ்சம் நிதானமா போறேன், இது புரிஞ்சா மத்ததெல்லாம் தானா வந்துரும்.

நீங்க பேசுறப்ப காத்து அதிருது, மைக்ல இருக்குற மெல்லிசான தகடு அதோட சேர்ந்து ஆடுது, அந்த ஆட்டம் கரண்டா மாறுது. கம்ப்யூட்டர் அந்த கரண்ட வினாடிக்கு இத்தன தடவன்னு அளந்து நம்பரா எழுதி வைக்குது. 16000 தடவ அளந்தா அது 16000 ஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட். இதுல ஒரு கணக்கு இருக்கு, எத்தன தடவ அளக்குறோமோ அதுல பாதி தடவ வரைக்கும் அதிர்ற சத்தம்தான் ஃபைல்ல பிடிபடும். 16000 தடவ அளந்தா 8000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கெடைக்கும், 8000 தடவதான் அளந்தீங்கன்னா 4000தோட கட். இதுக்கு நைக்விஸ்ட் விதின்னு பேரு.

பழைய டெலிபோன் லைன் இந்த 8000 கணக்குலதான் ஓடுச்சு, உள்ள போற சத்தம் சுமாரா 300லேர்ந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான். அதனாலதான் போன்ல பேர் சொல்றப்ப "எஸ்ஸா எஃப்பா"ன்னு எதிர்ல கேப்பாங்க, நாமளும் "எஸ் ஃபார் சேலம்"னு கத்துவோம். ஸ், ஃப் மாதிரி காத்து உரசுற சத்தத்தோட உயிரு 4000க்கு மேலதான் நிறைய இருக்கு, அத லைன் வெட்டிடுச்சுன்னா ரெண்டும் ஒண்ணா கேக்கும். ஜெர்மன்ல "நான்"ங்கறதுக்கு சொல்ற வார்த்தையில கடைசியில ஒரு மெலிசான உரசல் வரும், நம்ம ஷ் மாதிரி இருக்கும் ஆனா ஷ் இல்ல, நாக்க இ சொல்ற எடத்துல வச்சுட்டு காத்த மட்டும் விடணும். அந்த வித்தியாசத்த 8000 ரேட்ல ரெக்கார்ட் பண்ணி மெஷின்கிட்ட குடுத்தா பாதி தகவல் இல்லாமதான் அது மார்க் போடும்.

அடுத்தது பிட். ஒவ்வொரு அளவையும் எவ்ளோ நுணுக்கமா எழுதறதுங்கறது இது. 8 பிட்னா 256 படி, 16 பிட்னா 65536 படி. காய்கறிக்கடை தராசுக்கும் தங்கம் நிறுக்குற தராசுக்கும் இருக்குற வித்தியாசம் மாதிரி. சத்தமா பேசுற எடத்துல பெருசா தெரியாது, மெதுவா வர்ற காத்து, மூச்சு, வார்த்தையோட வால், இதெல்லாம் 8 பிட்ல கரகரன்னு ஆயிடும்.

மூணாவது சேனல். நமக்கு ஒரு வாய்தான், ஒரு சேனல் போதும், மோனோ. ஸ்டீரியோ வேணாம். 16000 ரேட், 16 பிட், மோனோன்னு வச்சா வினாடிக்கு 32000 பைட், ஒரு நிமிஷத்துக்கு 1.92 எம்பி. சிடி தரத்துல ஸ்டீரியோவா எடுத்தா நிமிஷத்துக்கு பத்து எம்பிக்கு மேல போயிரும். பேச்ச புரிஞ்சுக்குற சாஃப்ட்வேர் நிறையவே இந்த 16000 மோனோவத்தான் எதிர்பாக்குது, 2022ல வந்த, பேச்ச எழுத்தாக்குற விஸ்பர் மாடல் கூட உள்ள எல்லாத்தையும் 16000க்கு மாத்திட்டுதான் கேக்க ஆரம்பிக்கும். அதனால அதிகமா எடுத்து பெருமைப்பட ஒண்ணும் இல்ல, கம்மியா எடுத்தாதான் நஷ்டம்.

ஃபைல் வேவ்ல இருக்கட்டும். எம்பி3 எல்லாம் மனுஷ காதுக்கு தெரியாதுன்னு சிலத தூக்கி போட்டுதான் சின்னதாகுது. வேவ் எதையும் தூக்கி போடாது.

இப்ப நம்ம பொண்ணுக்கு 41 வாங்கிக் குடுத்த வார்த்தைய பாருங்க. ஜெர்மன்ல "பக்கன்"னு ரெண்டு வினைச்சொல் இருக்கு. ஒண்ணு மூட்டை முடிச்சு கட்டறது, இன்னொண்ணு ரொட்டி, கேக்கு சுடறது. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான், பக்கன். அவங்களுக்கு ரெண்டும் வேற வேற எழுத்து. மூட்டை கட்டற "ப"வுல ஒதடு தொறந்ததும் ஒரு காத்து வெடிக்கும், அதுக்கப்பறம்தான் தொண்டை அதிர ஆரம்பிக்கும். வாய்க்கு முன்னாடி பஸ் டிக்கெட் மாதிரி ஒரு துண்டு பேப்பர பிடிச்சுட்டு சொல்லி பாருங்க, அவங்க "ப"வுக்கு பேப்பர் துள்ளும், நம்ம "பல்லு", "படகு"க்கு அசையாது. நாம சாதாரணமா "பக்கன்"னா ஜெர்மன்காரங்க காதுக்கு அது ரொட்டி சுடறதாதான் விழும்.

அந்த காத்து எவ்ளோ நேரம்? சுமாரா 50 மில்லிசெகண்ட், கொஞ்சம் முன்ன பின்ன. நம்ம தமிழ் "ப"வுக்கு அந்த இடைவெளி ரொம்ப சின்னது. 1964ல லிஸ்கர், ஆப்ராம்சன்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க 11 மொழியில இந்த இடைவெளிய அளந்தாங்க, அதுல தமிழும் ஒண்ணு. 16000 ரேட்ல 50 மில்லிசெகண்ட்னா 800 நம்பர். அந்த 800 நம்பர்ல இருக்குறது வெறும் மெல்லிசான காத்து சத்தம், அதுல அவளோட மார்க்கே தொங்குது. ஃபேன் காத்து மைக்ல அடிச்சா அது இதுல கலந்துரும். இரைச்சல் குறைக்குற வசதி ஆன்ல இருந்தா இந்த காத்தையும் இரைச்சல்னு நெனச்சு வெட்டிரும். ப்ளூடூத்தா இருந்தா அமுக்கி நசுக்கிரும். அவ சரியாத்தான் ஊதிருக்கா, வழியிலயே களவு போயிருக்கு.

சரி, வேலைக்கு வருவோம். விண்டோஸுக்கு பதிலா கம்ப்யூட்டர்ல போடற இலவச சிஸ்டமான லினக்ஸ வச்சு நான் சொல்றேன், ஏன்னா 2011ல ஆரம்பிச்ச அரசு இலவச லேப்டாப் திட்டத்துல வந்த லேப்டாப்பு நம்ம பக்கத்துல இன்னும் நிறைய வீட்ல பரண்ல கெடக்கு, அதுல ஒரு லேசான லினக்ஸ் போட்டா குரல் ரெக்கார்டிங்குக்கு தாராளமா போதும். அக்கா வீட்லயும் அந்த மாதிரி ஒண்ணுதான்.

கமாண்ட நான் இங்க போன்ல சொல்ற மாதிரி வாய்மொழியா எழுதுறேன், நீங்க இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணிக்கோங்க. ஒண்ணு மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோங்க, டெர்மினலுக்கு பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேற வேற ஆளு. எங்க பெரிய எழுத்துன்னு நான் சொல்றேனோ அங்க மட்டும் பெருசு, மத்ததெல்லாம் சின்னது.

உபுன்டு, டெபியன் மாதிரி லினக்ஸ்ல ஆல்சா யூட்டில்ஸ் (நடுவுல ஸ்பேஸுக்கு பதிலா மைனஸ் குறி), சாக்ஸ்னு ரெண்டு பேக்கேஜ் வேணும், சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போட்டு ரெண்டையும் எறக்கிருங்க. சூடோன்னா அட்மின் உரிமையோட ஓட்டுன்னு அர்த்தம், பாஸ்வேர்ட் கேக்கும். ஆல்சாங்கறது லினக்ஸ்ல சவுண்ட் கார்டோட பேசுற அடித்தளம். அதோட வர்ற ஏரெக்கார்ட்ங்கறதுதான் நம்ம ரெக்கார்டர், ஏப்ளேங்கறது திருப்பி போட்டு காட்டறது. சாக்ஸ் ஒலி ஃபைல வெட்ட, ஒட்ட, அளக்க, வடிகட்ட. 1991லேர்ந்து இருக்குற பழைய கருவி, இன்னைக்கும் கத்தி மாதிரி வேலை செய்யும்.

மொதல்ல மைக் எங்க இருக்குன்னு கேளுங்க. ஏரெக்கார்ட், ஒரு ஸ்பேஸ், மைனஸ் எல். எல் சின்னது. கார்ட் 0, கார்ட் 1னு பட்டியல் வரும். லேப்டாப்போட சொந்த மைக் பெரும்பாலும் 0, யூஎஸ்பி மைக் மாட்டிருந்தா அது 1 இல்லன்னா 2ல உக்காந்திருக்கும், பக்கத்துலயே டிவைஸ் நம்பரும் இருக்கும். உங்க மைக் கார்ட் 1, டிவைஸ் 0ன்னு வச்சுக்குவோம்.

இப்ப அந்த ஒரு வரி. ஏரெக்கார்ட், மைனஸ் பெரிய டி, பிளக்எச்டபிள்யூ கோலன் 1 கமா 0, மைனஸ் எஃப், எஸ்16 அண்டர்ஸ்கோர் எல்இ, மைனஸ் ஆர் 16000, மைனஸ் சி 1, மைனஸ் சின்ன டி 5, கடைசியா ஃபைல் பேர், டெஸ்ட் டாட் வேவ். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ், ஆனா பிளக்எச்டபிள்யூலேர்ந்து அந்த 0 வரைக்கும் ஒரே மூச்சு, உள்ள ஸ்பேஸ் கூடாது. எஸ்16 அண்டர்ஸ்கோர் எல்இல இருக்குற எஸ், எல், இ மூணும் பெருசு. என்டர் தட்டுங்க, அஞ்சு வினாடி பேசுங்க, அதுவா நின்னுரும். ஏப்ளே டெஸ்ட் டாட் வேவ்னு போட்டா உங்க குரல் வரும்.

அந்த வரியில என்ன சொல்லிருக்கோம்னா, பெரிய டி மைக்க காட்டுது, எஃப் 16 பிட்ங்குது, ஆர் சாம்பிள் ரேட், சி எத்தன சேனல், சின்ன டி எத்தன வினாடி. பெரிய டிக்கும் சின்ன டிக்கும் மாத்தி போட்டு "அப்படி ஒரு டிவைஸே இல்ல"ன்னு எரர் வாங்குறது எல்லாருக்கும் நடக்குறதுதான். பிளக்எச்டபிள்யூன்னு போடாம வெறும் எச்டபிள்யூன்னு போட்டா மைக்கோட நேரா பேசும், அந்த மைக்குக்கு 16000 தெரியலன்னா மறுத்துடும். பிளக் சேர்த்தா நடுவுல ஒரு ஆள் நின்னு மைக் குடுக்குறத நமக்கு வேண்டிய ரேட்டுக்கு மாத்தி குடுப்பாரு. ஆரம்பத்துல பிளக் வச்சே போங்க.

இன்னொரு குழி இருக்கு, இதுல நிறைய பேர் விழறாங்க. எஃப், ஆர், சி எதுவுமே குடுக்காம வெறும் ஏரெக்கார்ட், ஃபைல் பேர்னு போட்டாலும் ரெக்கார்ட் ஆகும். ஆனா அது தானா எடுத்துக்குறது 8 பிட், 8000 ஹெர்ட்ஸ். மேல சொன்ன ரெண்டு கெட்டதும் ஒண்ணா. வேலை செய்யுதேன்னு விட்டுருவோம், மார்க் மட்டும் ஏறாது. அக்கா பொண்ணுக்கு யாரோ எழுதிக் குடுத்திருந்த கமாண்டும் இந்த ரகம்தான்.

"டிவைஸ் பிஸி"ங்கற மாதிரி எரர் வந்தா வேற ஏதோ ஒண்ணு மைக்க பிடிச்சுட்டு இருக்கு, பெரும்பாலும் ப்ரவுசர்ல தொறந்து விட்ட மீட்டிங் டேப். மூடிட்டு போடுங்க.

அடுத்து லெவல். ஆல்சாமிக்ஸர்னு டைப் பண்ணா டெர்மினல்லயே கம்பி கம்பியா ஒரு படம் வரும். எஃப்6 அமுக்கி உங்க கார்ட தேர்ந்தெடுங்க, எஃப்4 அமுக்கினா கேப்சர் பக்கம், அதாவது மைக்கோட அளவு. மேல் அம்பு, கீழ் அம்புல ஏத்தலாம் எறக்கலாம். மைக் பூஸ்ட்னு ஒண்ணு இருந்தா அத மொதல்ல பூஜ்யத்துல வைங்க, அது குரலோட சேர்த்து இரைச்சலையும் தூக்கும். ஆட்டோ கெயின்னு ஏதாவது இருந்தா அணைச்சிருங்க, ஏன்னா நீங்க சும்மா இருக்குறப்ப அது தானா ஏறி, பேச ஆரம்பிச்சதும் தடால்னு எறங்கும், மொத எழுத்தே செத்துரும்.

எவ்ளோ வைக்கணும்? காதால முடிவு பண்ணாதீங்க, நம்பரால பண்ணுங்க. வழக்கமா பேசுற சத்தத்துல அஞ்சு வினாடி ரெக்கார்ட் பண்ணிட்டு சாக்ஸ், ஃபைல் பேர், மைனஸ் என், ஸ்டாட்னு குடுங்க. ஒரு பட்டியல் கொட்டும், அதுல மேக்ஸிமம் ஆம்ப்ளிட்யூட்ங்கற வரிய மட்டும் பாருங்க. 1ஐ தொட்டுருச்சுன்னா குரல் கூரையில முட்டிருச்சு, மேல போன அலையோட தலைய வெட்டிருக்கு, அத பின்னாடி எதாலயும் ஒட்ட முடியாது. 0.05 மாதிரி இருந்தா ரொம்ப கம்மி. 0.3க்கும் 0.6க்கும் நடுவுல நிக்கற மாதிரி மிக்ஸர்ல சரி பண்ணிட்டு, ஆல்சாசிடிஎல் ஸ்டோர்னு சூடோவோட போட்டா அந்த நிலை சேவ் ஆயிரும், ரீஸ்டார்ட் பண்ணாலும் மாறாது.

மைக் பத்தி ஒரு வார்த்தை. ப்ளூடூத் இயர்போன்ல பாட்டு எவ்ளோ நல்லா கேட்டாலும் அதுல மைக் ஆன் ஆன ஒடனே அது போன் பேசுற மோடுக்கு மாறிரும், அங்க ரேட் பெரும்பாலும் 8000 இல்லன்னா 16000, அதுவும் நல்லா அமுக்கி. பஸ்ல பேச ஓகே, உச்சரிப்புக்கு ஆகாது. பர்மா பஜார்ல கெடைக்குற சாதாரண வயர் யூஎஸ்பி ஹெட்செட் இதுக்கு எவ்ளோவோ மேல். மைக் வாய்க்கு நேரா இருக்கக்கூடாது, ஒதட்டு ஓரத்துல ரெண்டு விரல் தள்ளி, கொஞ்சம் கீழ. நேரா வச்சா "ப" சொல்றப்ப காத்து மைக்ல போய் டம்முனு முட்டும். எந்த எடமோ தெனமும் அதே எடம். அவ ஹெட்செட் கம்பியில ஒரு செவப்பு நூல் கட்டி அடையாளம் வச்சிருக்கா.

அப்பறம் நம்ம ஏரியா சத்தம். புத்தகத்துல "அமைதியான அறையில் பதிவு செய்யவும்"னு ஒரே வரியில போட்டுருவாங்க. ஒரு பக்கம் கொருக்குப்பேட்டை லைன்ல கூட்ஸ் வண்டி, இன்னொரு பக்கம் துறைமுகத்துக்கு வரிசையா போற கன்டெய்னர் லாரி, தெரு முனையில தண்ணி லாரி, பக்கத்து வீட்ல மிக்ஸி. அமைதியான அறைய எங்க போய் தேடறது. இருக்குறத வச்சு எவ்ளோ பண்ணலாம்னுதான் பாக்கணும், நிறையவே பண்ணலாம்.

லாரி, ரயில் இதோட உறுமல் பெரும்பாலும் 100 ஹெர்ட்ஸுக்கு கீழ. பொம்பளைங்க குரலோட அடி சுருதி சுமாரா 165லேர்ந்து 255க்குள்ள. அதனால 80க்கு கீழ இருக்குறத வடிகட்டினாலும் குரலுக்கு ஒண்ணும் ஆகாது. சாக்ஸ், பழைய ஃபைல், புது ஃபைல், ஹைபாஸ் 80. இந்த வரிசையில போட்டா போதும். பழைய ஃபைல அழிக்காதீங்க, வடிகட்டினது எப்பவும் காப்பியாவே இருக்கட்டும்.

மிக்ஸி, ஹாரன், பக்கத்துல டிவி, இதெல்லாம் குரல் இருக்குற எடத்துலயே இருக்குற சத்தம், இத வடிகட்டப் போனா குரலையும் அரிச்சுரும். இதுக்கு நேரம்தான் மருந்து. எங்க வீட்ல சோதிச்சு பாத்த முறை இது, ஒரு நாள்ல அஞ்சாறு வேளை, ஒண்ணும் பேசாம பத்து வினாடி வெறும் ரூம ரெக்கார்ட் பண்ணுங்க, ஒவ்வொண்ணுக்கும் ஸ்டாட் போட்டு ஆர்எம்எஸ் ஆம்ப்ளிட்யூட்ங்கற வரிய, அதாவது சராசரியா எவ்ளோ சத்தம்ங்கறத, ஒரு நோட்டுல எழுதுங்க. அப்பறம் பேசி ரெக்கார்ட் பண்ணதோட ஆர்எம்எஸ்ஸ அதால வகுத்து பாருங்க. இருபது மடங்காவது வந்தா நான் போதும்பேன். அக்கா வீட்ல ராத்திரி எட்டு மணிக்கு ஆறு மடங்குதான் வந்துச்சு, காலையில அஞ்சேகால்ல ஃபேன அணைச்சுட்டு எடுத்தா முப்பத தாண்டுச்சு. ராத்திரி அமைதியா இருக்கும்னு நாங்க நெனச்சுட்டு இருந்தோம், நம்பர் வேற சொல்லுச்சு.

வெறும் செவுரு இருக்குற ரூம்ல குரல் முட்டி திரும்பி வரும், அந்த எதிரொலி வார்த்தையோட வாலுல ஒட்டிக்கும். துணி சத்தத்த குடிக்கும். பீரோ கதவ தொறந்து தொங்குற பொடவைங்களுக்கு முன்னாடி உக்காந்து பேசுங்க, இல்லன்னா பாய் மேல ரெண்டு தலகாணிய நிமித்தி வச்சு நடுவுல. செலவே இல்ல. போன தூரமா தள்ளி வைங்க, மைக் பக்கத்துல போன் இருந்தா சிக்னல் வாங்குறப்ப டிக் டிக்னு ஒரு சத்தம் புகுந்துரும்.

இப்ப இத உச்சரிப்பு சாஃப்ட்வேரோட கோக்கணும். சில சாஃப்ட்வேர்ல செட்டிங்ஸ் உள்ள "ரெக்கார்ட் கமாண்ட்"னு ஒரு காலி கட்டம் இருக்கும், அதாவது நானா ரெக்கார்ட் பண்ணல, நீ எந்த கமாண்ட சொல்றியோ அத ஓட்டறேன்னு அது சொல்லுது. நம்ம வரிய அங்க அப்படியே ஒட்டணும், ரெண்டே மாத்தம். கடைசியில ஃபைல் பேர போடக்கூடாது, சாஃப்ட்வேரே ஒரு பேர ஒட்டிக்கும், எங்க ஒட்டணும்னு அதோட உதவி பக்கத்துல ஒரு குறி குடுத்திருப்பாங்க. ரெண்டாவது, மைனஸ் சின்ன டிய எடுத்துரலாமா வேணாமான்னு யோசிக்கணும். நிறுத்தற பட்டன் சாஃப்ட்வேர்ல இருந்தா எடுத்துருங்க, இல்லன்னா வார்த்தைக்கு 3, வாக்கியத்துக்கு 8னு வச்சுக்கோங்க.

நிறுத்தற விதத்துல ஒரு சூட்சுமம் இருக்கு. வேவ் ஃபைலோட தலையில, சாதாரணமா 44 பைட்ல, ஒரு சின்ன சீட்டு இருக்கும், ரேட் என்ன, பிட் எத்தன, மொத்தம் எவ்ளோ நீளம்னு அதுல எழுதிருக்கும். நீளம் எவ்ளோன்னு பேசி முடிச்சாதான தெரியும், அதனால ஏரெக்கார்ட் மொதல்ல ஒரு நம்பர போட்டு வச்சுட்டு, ஒழுங்கா நிறுத்தறப்ப திரும்பி வந்து சரியான நம்பர எழுதும். கன்ட்ரோல் சி அமுக்கினா அது ஒழுங்கான நிறுத்தம். ப்ரோகிராம வலுக்கட்டாயமா நிறுத்தற கில் மைனஸ் 9 போட்டா தலையில அடிச்ச மாதிரி, சீட்ட திருத்த அவகாசமே இருக்காது, ஃபைல்ல குரல் இருக்கும் ஆனா சாஃப்ட்வேர் "ஃபைல் கெட்டுப்போச்சு"ங்கும் இல்ல நீளத்த தப்பா காட்டும். கமாண்டுகள வரிசையா ஒரு ஃபைல்ல போட்டு ஓட்டற ஸ்க்ரிப்ட நீங்களே எழுதினா இத பாத்துக்கோங்க.

ஃபைல் பேர்ல ஸ்பேஸ் வேணாம், சின்ன எழுத்து, தேதி முன்னாடி. வருஷம், மாசம், நாள்னு அந்த வரிசையில வச்சா பட்டியல் தானா ஒழுங்கா நிக்கும்.

சாஃப்ட்வேரே இல்லன்னாலும் இத வச்சு பழகலாம், உண்மைய சொன்னா எனக்கு இந்த வழிதான் ரொம்ப பிடிக்கும். ஒரு சின்ன ஸ்க்ரிப்ட்ல மூணே வரி, மொதல்ல ஏப்ளே மாதிரிக் குரல போடும், அடுத்து ஏரெக்கார்ட் மூணு வினாடி உங்கள எடுக்கும், மூணாவது ஏப்ளே உங்கள உங்களுக்கே போடும். மாதிரி, நீங்க, மாதிரி, நீங்கன்னு மாறி மாறி கேக்குறப்ப காதுக்கு வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், பேசிட்டு இருக்குறப்ப அது தெரியாது, ஏன்னா நம்ம குரல் நமக்கு எலும்பு வழியாவும் கேக்குது. கண்ணால பாக்கணும்னா சாக்ஸ், ஃபைல் பேர், மைனஸ் என், ஸ்பெக்ட்ரோகிராம். ஒரு படம் வரும், அதுல அந்த "ப"வோட காத்து, குரல் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி தூசி பறக்குற மாதிரி ஒரு மெல்லிசான பட்டையா தெரியும். அளந்தே பாக்கணும்னா ப்ராட்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துல போயர்ஸ்மா, வீனிங்க் ரெண்டு பேரும் எழுதினது, மொழியியல்காரங்க ஒலகம் பூரா அத உபயோகிக்கிறாங்க.

லினக்ஸ் இல்லாதவங்களுக்கு சுருக்கமா. மேக்ல சாக்ஸோட வர்ற ரெக்னு ஒரு கமாண்ட் இதே வேலைய செய்யும், டெர்மினலுக்கு மைக் அனுமதி குடுக்கலன்னா ஃபைல்ல வெறும் மௌனம்தான் இருக்கும், அத மட்டும் செட்டிங்ஸ்ல பாத்துக்கோங்க. விண்டோஸ்ல எஃப்எஃப்எம்பெக்னு ஒரு இலவச கருவி. ஆண்ட்ராய்ட்ல டெர்மக்ஸ்ங்கற டெர்மினல் ஆப்பையும் அதோட டெர்மக்ஸ் ஏபிஐயையும் போட்டா டெர்மக்ஸ் மைக்ரோஃபோன் ரெக்கார்ட்னு ஒண்ணு இருக்கு, அது அமுக்கின ஃபைலத்தான் குடுக்கும், கையில வேற எதுவும் இல்லன்னா பரவால்ல.

அக்கா பொண்ணு இப்ப காலையில அஞ்சேகாலுக்கு பீரோ முன்னாடி உக்காந்துக்குறா. போன வாரம் ரெண்டு "பக்கன்"னும் எடுத்து எது எதுன்னு சொல்லாம எனக்கு அனுப்பினா, மூட்டை எது ரொட்டி எதுன்னு நான் கேட்டதும் சொல்லிட்டேன். இப்ப ஜெர்மன்ல "கதவு"ங்கறதுக்கு சொல்ற வார்த்தையில நிக்கறா, நாக்கு இ சொல்லணும், ஒதடு மட்டும் உ மாதிரி குவியணும், அந்த சத்தம் தமிழ்ல இல்ல. இன்னைக்கு காலையில வந்தது பதினேழாவது ஃபைல், அதுலயும் ஒதடு பாதியில விரிஞ்சுருது. ஆனா அது ஒதட்டுலதான் நடக்குது, மைக்ல இல்ல, அது ரெண்டு பேருக்குமே தெளிவா தெரியுது. நாளைக்கு கண்ணாடி ஒண்ண பீரோ கதவுல மாட்டச் சொல்லிருக்கேன்.